உளநலப் பணியும் நம் இளைஞர்களும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் ஏறுவோர் கடந்து வந்த பாதையைப் பேசுவது வழக்கம். அதனைப் பேசுதற்கு நம்மினும் மூத்தோர் பலர் இங்கு வீற்றிருக்கின்றனர். ஆகவே அப்பொறுப்பை அவர்களிடமே விட்டுவிட்டு, இனிச் செல்ல வேண்டிய பாதைகளுள் ஒன்றைப் பற்றி மட்டும் நாம் சில கூற விழைகின்றோம்.

இந்த 25 ஆண்டுகளில் நம் பிள்ளைகளிடம் "படித்து என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டால், ஆசிரியர், காவலர், செவிலியர், பொறியாளர், மருத்துவர், மாவட்ட ஆட்சியர் என்று விடைகள் வந்தன. அவற்றுட் பல மெய்யாகவும் ஆயின. ஆனால், "உள்ளம் நொந்தவர்களுக்கு ஆறுதலும் சிகிச்சையும் தரும் பணிக்குச் செல்வேன்" என்று கூறிய பிள்ளையை நாம் இன்னும் காணவில்லை. அப்படி ஒரு தொழில் இருக்கின்றது என்பதே நம் தெருக்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. உரிய கல்வி கற்று, அரசின் உரிமம் பெற்று, தனித்து நில்லாமல் நால்வரோடு கூடி உளச்சிகிச்சைப் பணி ஆற்றுவது எவ்வாறு, அது நமக்கு ஏன் வேண்டும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பணி யாது?

உடலுக்கு நோய் வருவது போலவே உள்ளத்திற்கும் நோய் வரும். உறக்கம் கெடும், உணவு செல்லாது, காரணமின்றி நெஞ்சு படபடக்கும், இல்லாத குரல் காதில் கேட்கும், வாழ்வே வேண்டா என்று தோன்றும். இவற்றைக் காற்றுக் கருப்பு என்றும் செய்வினை என்றும் கருதி, குறி கேட்பதும், மந்திரிப்பதும், தாயத்துக் கட்டுவதும் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அவ்வழிகளை நாடுவோரை இகழ்ந்துரைப்பது நம் நோக்கமன்று. துயருற்றவன் தன் துயரைக் கேட்க ஓர் ஆளைத் தேடுகின்றான். கோடாங்கியைத் தவிர வேறு ஆள் அவன் வீட்டருகே இல்லை. தேடியவன் மீது குறையில்லை. கற்றவர் அருகில் இல்லாததே குறை.

இத்துறையில் பணி புரிவோர் பல வகையினர். மனநல மருத்துவர் என்பார் மருத்துவப் பட்டம் பெற்று, அதன்மேல் மனநல மருத்துவம் பயின்றவர். மருந்து எழுதும் உரிமை அவருக்கே உண்டு. மருத்துவ உளவியலாளர் உளவியலில் முதுநிலைக் கல்வி கற்று, மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சி பெற்றவர். அறிவுத்திறன், நினைவாற்றல், கற்றல் குறைபாடு முதலியவற்றை அளந்தறியவும், பேச்சின் வழியே சிகிச்சை அளிக்கவும் வல்லவர். உளநலச் சமூகப் பணியாளர் நோயுற்றவரின் குடும்பம், வேலை, வருவாய், சட்ட உரிமை ஆகியவற்றைக் கவனிப்பவர். இவர்களோடு உளநலச் செவிலியர்களும், பள்ளி கல்லூரிகளில் அமரும் ஆலோசகர்களும் உள்ளனர்.

பேச்சின் வழியே சிகிச்சை என்றவுடன், "நாங்களும்தான் அறிவுரை கூறுகின்றோம், அதற்கு ஏழாண்டுப் படிப்பு எதற்கு?" என்று எண்ணுவோர் உண்டு. அறிவுரை கூறுதல் வேறு, இப்பணி வேறு. "கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வதற்குப் பயிற்சி வேண்டா. தேர்வறைக்குள் நுழைந்தாலே மூச்சு முட்டி வெளியே ஓடிவரும் ஒரு மாணவனை எண்ணிப் பாருங்கள். பயிற்சி பெற்ற உளச்சிகிச்சையாளர் அவனைக் கடிந்துகொள்வதில்லை, வெறுமனே தேற்றுவதுமில்லை. அச்சம் எப்போது தோன்றுகின்றது, அக்கணத்தில் அவன் மனத்தில் ஓடும் எண்ணம் யாது, அதன்பின் அவன் செய்வது யாது என்று குறித்து வரச் சொல்கின்றார். பின்னர், ஆளில்லாத அறையில் ஐந்து நிமிடம் அமரச் செய்து, பிறகு பத்து நிமிடம், பிறகு இருவருடன் என்று படிப்படியாகப் பழக்குகின்றார். ஓடினால்தான் பிழைப்போம் என்று நம்பிய உள்ளம், ஓடாமலும் பிழைக்கலாம் என்று தானே கண்டறிகின்றது. இது முறையாகக் கற்றுத் தேற வேண்டிய கலை.

நோய் நீக்கும் பணி நமக்குப் புதியதும் அன்று. ஒடுக்கப்பட்டோரின் அறிவு மரபுக்கு வழிகாட்டியாக விளங்கிய அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சித்த மருத்துவர் என்பதை நாம் மறத்தலாகாது. ஊருக்கெல்லாம் பேறுகாலம் பார்த்த மருத்துவச்சிகள் நம் தெருக்களிலும் இருந்தார்கள். நோய் தீர்க்க நம் கை வேண்டும். நோய் தீர்ந்தபின் அக்கை தீட்டு என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. உரிமத்தோடும் உரிய மதிப்போடும் அதே பணியை நாம் இனி மேற்கொள்ள வேண்டும்.

தேவை எவ்வளவு?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் 1,70,924 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அவர்களுள் 19,834 பேர் தமிழ்நாட்டினர். மாண்டோருள் நான்கில் ஒரு பங்கினர்க்கு மேல் தினக்கூலித் தொழிலாளர் என்பதை அக்கணக்கே கூறுகின்றது. தினக்கூலிகள் என்றால் அவர்கள் எத்தெருவினர் என்று இங்கே அமர்ந்திருப்போர்க்கு விளக்க வேண்டியதில்லை.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் ஓர் ஆய்வு நடத்திற்று. நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 பேர் முதல் 92 பேர் வரை எவ்வித மருத்துவமும் பெறாமல் இருந்தனர் என்பது அதன் முடிவு.

மருத்துவம் கிட்டாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு நாம் தொலைவில் சென்று சான்று தேட வேண்டா. 1985 வரை நம் சிவகங்கையும் இராமநாதபுரமும் ஒரே மாவட்டமாக இருந்தவை. அந்த இராமநாதபுரச் சீமையின் ஏர்வாடியில், 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியலில், தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட இயலாமல் கருகினர். 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்ட பெற்றோரெல்லாம் கொடியவர்கள் என்று நாம் கூறமாட்டோம். வீட்டில் வைத்துக் காக்க வழி தெரியாது, அருகில் மருத்துவரும் இல்லாது, கடைசிப் புகலிடமாக அங்கு வந்தோர் பலர்.

மாறாக நல்லதொரு சான்றும் நமக்கு அண்டையிலேயே உண்டு. இந்தியாவின் முதற்பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பெறும் சாரதா மேனன் அம்மையார், சென்னை அரசு மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றபின், மருத்துவர் தாரா முதலியோருடன் சேர்ந்து 1984இல் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 2010இல் காரைக்குடிக்கு அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தையே மருத்துவமனையாக்கி ஊர் ஊராக அனுப்பிற்று. நோயாளி பேருந்துக்குள் அமர்ந்து, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் சென்னையிலிருக்கும் மருத்துவரோடு திரை வழியே பேசினார். எழுதிய மருந்து அப்பேருந்திலேயே வழங்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மருத்துவர் சென்னையில் இருக்கலாம். மருந்து பேருந்தில் வரலாம். ஆனால் இருட்டறையில் முடங்கிக் கிடக்கும் மகனைப் பேருந்து வரை அழைத்து வர, அவன் தாயின் நம்பிக்கையைப் பெற, மருந்து உண்டானா என்று அடுத்த வாரம் வீட்டுக்கே சென்று பார்க்க, அந்த மண்ணைச் சேர்ந்த ஆள் வேண்டும். அப்பணிக்கு அங்கே உள்ளூர்ப் பணியாளர்களையே அமர்த்தினர். நம் ஊருக்கு அந்த ஆள் யார்?

அண்ணல் பயின்ற பல்கலைக்கழகத்தில் பயின்ற இருவர்

அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பயின்றதை நாம் அனைவரும் அறிவோம். அதே பல்கலைக்கழகத்தில், அவருக்குப் பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, கறுப்பின இணையர் இருவர் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றனர். கணவர் கென்னத் கிளார்க். மனைவி மேமி கிளார்க். வெள்ளைப் பொம்மையையும் பழுப்புநிறப் பொம்மையையும் கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து, "எது நல்ல பொம்மை?" என்று கேட்டவர்கள் அவர்களே. பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. இழிவு என்னும் நஞ்சு எத்துணை இளமையிலேயே உள்ளத்துள் இறங்குகின்றது என்பதற்கு அது சான்றாயிற்று. பள்ளிகளில் இனம் பிரித்து வைத்தல் செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பிலும் அவ்வாராய்ச்சி குறிக்கப்பட்டது.

இதைப் பலர் அறிவர். பலர் அறியாதது, அவர்கள் 1946இல் செய்த செயல். கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், ஒரு குடியிருப்பின் அடித்தளத்து அறையில், குழந்தைகளுக்கான உளநல நிலையம் ஒன்றை அவர்கள் திறந்தனர். மேமியின் தந்தையார் கடனாகத் தந்த 946 டாலரே முதலீடு. உளவியலாளர், மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் எனப் பலர் தொடக்கத்தில் ஊதியமின்றியே வந்து கூடி உழைத்தனர்.

அந்நிலையத்திற்கு முதலில் வந்தோருள் பலர், தம் பிள்ளைகளை மூளை வளர்ச்சி குன்றியோர் வகுப்பிற்குப் பள்ளிகள் தள்ளிவிட்டன என்று கலங்கி வந்த பெற்றோர். பிள்ளைகளை முறைப்படி சோதித்தபோது, அவர்களுட் பெரும்பாலோர் அவ்வகுப்பிற்கு உரியவரே அல்லர் என்பது தெரிந்தது. அளவுகோலை நம்மவர் கையில் எடுத்தபோதுதான் 'மந்தம்' என்ற சொல் பொய்யாயிற்று.

அரசுப் பள்ளிகளில் நீண்ட நாள் பணியாற்றி வரும் நமக்கு இச்செய்தி நெஞ்சில் தைக்கின்றது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை செங்கற்சூளையில் இரவெல்லாம் கண்விழித்த பிள்ளையாக இருக்கலாம். குடித்துவிட்டு வரும் தகப்பனுக்கு அஞ்சி உறங்காத பிள்ளையாக இருக்கலாம். அறிவு நிறைந்தும் எழுத்துகள் மட்டும் கண்ணுக்குப் பிடிபடாத கற்றல் குறைபாடுடைய பிள்ளையாகவும் இருக்கலாம். மூவரையும் 'மக்கு' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுவது எளிது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளுள் கற்றல் குறைபாடும் ஒன்று. அதற்குரிய சான்றிதழ் பெற்ற மாணவர்க்கு அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் முதலிய சலுகைகள் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நகரத்து உளவியலாளரிடம் சோதனை செய்து, சான்றிதழோடு தேர்வெழுதுகின்றது. நம் பிள்ளையோ அப்படி ஒரு சோதனை இருப்பதையே அறியாமல், ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, திருப்பூருக்குப் பேருந்து ஏறுகின்றது. உளவியலாளர் ஒருவர் நம் வட்டாரத்தில் இருப்பதும் இல்லாததும் ஒரு பிள்ளையின் வாழ்நாளையே திசை மாற்றிவிடும் என்பதை இதனால் உணரலாம்.

உரிமம் ஏன்?

ஆறு மாத அஞ்சல்வழிப் படிப்பு ஒன்றில் சான்றிதழ் வாங்கி, பலகை மாட்டிக்கொண்டு 'மனநல ஆலோசகர்' என்று அமர்வோரும் நாட்டில் உள்ளனர். நம் இளைஞர்கள் அவ்வழி செல்லலாகாது.

1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின்படி, அக்குழுமம் ஏற்றுக்கொண்ட கல்வியைப் பெற்று, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே மருத்துவ உளவியலாளராகப் பணிசெய்ய உரியவர். பதிவின்றிப் பணிசெய்வோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடம் தருகின்றது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர், உளநலச் சமூகப் பணியாளர் ஆகியோர்க்குரிய கல்வித் தகுதியை வரையறுத்துள்ளது. முதுநிலைப் பட்டத்தின்மேல், மேற்பார்வையோடு கூடிய ஈராண்டு முழுநேரப் பயிற்சி வேண்டும் என்பது அதன் சாரம். ஆலோசகர், சமூகப் பணியாளர் முதலிய பிறரை முறைப்படுத்துதற்கு 2021இல் தனியே ஒரு தேசிய ஆணையச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. படிப்புகளின் பெயரும் அமைப்பும் அண்மைக் காலமாக மாறி வருகின்றன. ஆகையால் பணம் கட்டுமுன், அக்கல்லூரியும் அப்படிப்பும் மறுவாழ்வுக் குழுமத்தின் பட்டியலில் உள்ளனவா என்று பார்த்தறிதல் கட்டாயம்.

உரிமம் என்பது நமக்குப் பட்டயம் மட்டுமன்று, படைக்கலமுமாகும். "இவன் என்ன தெரிந்து பேசுகின்றான்?" என்று கேட்கும் உலகத்தின் முன், நம் பிள்ளை தன் பதிவெண்ணைக் காட்டி நிற்க முடியும். மற்றவர்க்கு அது அலங்காரமாகலாம். நமக்கு அது அரண்.

தனித்தா, கூடியா?

இனி நம் உரையின் நடுப்பகுதிக்கு வருகின்றோம். உரிமம் பெற்ற ஒருவர் தனி அறை எடுத்து அமரலாம். அல்லது நால்வர் ஐவர் கூடி, ஒரே கூரையின் கீழ்க் கூட்டு நிலையம் அமைக்கலாம். இரண்டாவது வழியே நம் இளைஞர்க்கு ஏற்றது என்பது நம் துணிபு. காரணங்கள் மூன்று.

முதலாவது, கேட்பவரின் பாரம். நாள்தோறும் ஐந்தாறு பேரின் துயரைக் கேட்பவர் மாலையில் வீடு திரும்பும்போது வெறுங்கையோடு திரும்புவதில்லை. கேட்டது நெஞ்சில் தங்கும். அதை மனைவியிடமோ நண்பரிடமோ கொட்டவும் இயலாது. நோயாளியின் இரகசியத்தைக் காக்க வேண்டுமென்பது சட்டம். அதனால்தான் இத்தொழிலில் மேற்பார்வை என்னும் முறை வகுக்கப்பட்டுள்ளது. வாரம் ஒருமுறை, மூத்த சிகிச்சையாளர் ஒருவரிடமோ உடன் பணியாற்றுவோர் குழுவிடமோ, பெயரும் அடையாளமும் மறைத்து, தாம் நடத்தும் சிகிச்சையை எடுத்துரைத்து, எங்கே தடுமாறினோம் என்று ஆராய்வதே அது. வேலை பார்ப்பவனைக் கங்காணி கண்காணிப்பது போன்றதன்று அது. சுமை தூக்குவோர் வழியிடையே தோள் மாற்றிக்கொள்வது போன்றது.

நம் பிள்ளைகளுக்கு இது இருமடங்கு தேவை. எதிரே அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவி, விடுதியில் தன் சாதியைச் சொல்லிச் சிரித்தார்கள் என்று அழும்போது, அதே சொற்களைத் தானும் கேட்டு வளர்ந்த சிகிச்சையாளரின் பழைய புண் திறவாதிருக்குமா? தன் வலி எது, அவள் வலி எது என்று பிரித்தறியத் துணையொருவர் வேண்டும். அத்துணை இல்லாதவர் ஒன்று மனம் மரத்துப் போவார்; அன்றேல் பணியை விட்டே போவார்.

இரண்டாவது, நோயின் இயல்பு. குடிநோய்க்கு ஆளான ஒருவரை எண்ணுங்கள். அவருக்கு மருந்து வேண்டும், அதற்கு மருத்துவர். மீண்டும் குடிக்காதிருக்க உளச்சிகிச்சை வேண்டும், அதற்கு உளவியலாளர். இழந்த வேலையை மீட்கவும் மனைவி மக்களைத் தாங்கவும் சமூகப் பணியாளர் வேண்டும். ஒருவரே மூவராக இயலாது. இதனை அரசும் உணர்ந்துள்ளது. 1996இல் இந்திய அரசு தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என்று குழுவாகவே வகுக்கப்பட்டது.

மூன்றாவது, பொருளாதாரம். தனியொருவர் வாடகை, முன்பணம், மின்கட்டணம், சோதனைக் கருவிகள், வரவேற்பாளர் சம்பளம் அனைத்தையும் தாமே சுமக்க வேண்டும். தொடக்கத்தில் வருவோர் சிலராகவே இருப்பர். சொத்துள்ள வீட்டுப் பிள்ளை ஈராண்டு காத்திருக்கும்; நம் பிள்ளையால் ஆறு மாதம் காத்திருக்க இயலுமா? நால்வர் கூடினால் செலவு நான்காகப் பிரியும். ஒருவர் பிள்ளைப்பேற்று விடுப்பில் சென்றாலும் நிலையம் மூடப்படாது. வசதியுள்ளோரிடம் முழுக் கட்டணமும், கூலித் தொழிலாளியிடம் அவர் தரக்கூடிய அளவும் பெற்று, பள்ளத்தை மேட்டால் நிரப்பிக்கொள்ளவும் கூட்டு நிலையத்தில்தான் முடியும்.

இன்னுமொன்று. காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களில் 'மனநலம்' என்று பலகையிட்ட வாயிலில் நுழைவதற்கே மக்கள் கூசுவர். பிள்ளைகளின் கற்றல் சோதனை, பேச்சுப் பயிற்சி, குடும்ப ஆலோசனை, முதியோர் நினைவாற்றல் பரிசோதனை எல்லாம் நடக்கும் ஒரே நிலையமாயின், எவர் எதற்காக வந்தார் என்று அயலார் அறியார். வருவோரின் மானம் காக்கப்படும்.

ஆயினும், கூட்டு என்ற பெயரிலேயே ஒருவர் முதலாளியாகி, இளையவர்களின் உழைப்பில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே, கட்டணப் பங்கீடு எவ்வளவு, வாரத்தில் எத்தனை பேரைப் பார்ப்பது, மேற்பார்வை எந்நாள், விடுப்பு எவ்வாறு, விலகிச் செல்வோர் பார்த்த நோயாளிகளின் ஆவணம் எவரிடம் இருக்கும் என்பனவற்றை முதல் நாளே எழுத்தில் வடித்துக் கையொப்பமிட வேண்டும். அன்பு நிலைக்க வேண்டுமானால் கணக்குத் தெளிவாக இருக்க வேண்டும்.

இரு எச்சரிக்கைகள்

இளைஞர்களே! இத்துறைக்கு வருவோர் இரண்டை மறவாதிருக்க வேண்டும்.

ஒன்று: அநீதியால் வரும் வலியை நோய் என்று மட்டும் பெயரிட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிடலாகாது. நம் மாவட்டத்துக் கச்சநத்தத்தில் 2018 மே 28ஆம் நாளிரவு நிகழ்ந்த சாதிவெறித் தாக்குதலில் நம் மக்கள் மூவர் உயிரிழந்தனர். 2022 ஆகஸ்டில் சிவகங்கைச் சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அத்தகைய இரவுகளைக் கண்ட கண்களுக்கு உறக்கம் வராதது அக்கண்களின் குறையன்று. நீதிமன்றத்தின் பணியை ஆலோசகர் செய்ய இயலாது. ஆலோசகரின் பணியை நீதிமன்றமும் செய்ய இயலாது. "மறந்துவிடு" என்று சொல்பவர் சிகிச்சையாளர் அல்லர். "உனக்கு நேர்ந்தது அநீதி, உன் உறக்கமின்மை அதன் விளைவு, நீ நீதிக்கும் போராடலாம், உறங்கவும் கற்கலாம்" என்று சொல்பவரே சிகிச்சையாளர். சாதி என்னவென்றே கேட்டறியாத சிகிச்சையாளரிடம் சென்று நொந்து திரும்பிய நம் இளைஞர்கள் உண்டு. அந்நிலையை மாற்றவே, திவ்யா கந்துகூரி என்னும் இளம்பெண் 'தி புளூ டான்' என்ற ஆதரவுக் குழுவைத் தொடங்கி, ஒடுக்கப்பட்டோரைச் சாதியறிவுள்ள சிகிச்சையாளர்களிடம் சேர்ப்பிக்கும் பணியைச் செய்துள்ளார்.

மற்றொன்று: நாம் அமைக்கும் நிலையத்தின் கதவு எல்லார்க்கும் திறந்திருக்க வேண்டும். மனநலப் பராமரிப்புப் பெறும் உரிமையில் சாதி, மதம், பாலினம், வகுப்பு எதனாலும் வேறுபாடு காட்டலாகாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகின்றது. நம்மைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியவரின் பேரனும் ஒருநாள் உள்ளம் உடைந்து நம் வாயிலில் வந்து நிற்கலாம். அவனையும் நாற்காலியில் அமர்த்தி, அவன் சொல்வதையும் செவிகொடுத்துக் கேட்பதே நம் கல்வியின் வெற்றி.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

இத்துறையில் இடர்கள் இல்லாமலில்லை. இளநிலை மூன்றாண்டு, முதுநிலை ஈராண்டு, அதன்மேற் பயிற்சி ஈராண்டு என்று காலம் நீள்கின்றது. பயிற்சியிடங்களோ சில. தனியார் கல்லூரிகளில் கட்டணம் மிகுதி. "மகன் பைத்தியங்களுக்கு வைத்தியம் பார்க்கிறான்" என்ற ஏளனமும் வரும். எனினும், பெங்களூர் நிறுவனம் போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் இடஒதுக்கீடு உண்டு. உயர்கல்வி உதவித்தொகை உண்டு. பின்னர்த் தொழில் தொடங்கத் தாட்கோவின் கடன் திட்டங்களும் உண்டு. இவை இருப்பதை அறிந்து, காலத்தே விண்ணப்பிக்கச் செய்வதே சங்கத்தின் வேலை.

ஆதலின் நாம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். ஆண்டுதோறும் ஒருவரையேனும் உளவியலோ உளநலச் சமூகப் பணியோ பயிலத் தேர்ந்து, பயிற்சி முடியும் வரை சங்கம் தாங்க வேண்டும். பாதி வழியில் கைவிடலாகாது. அவ்வாறு பயின்றோர் நால்வர் சேர்ந்தவுடன், காரைக்குடியிலேயே கூட்டு நிலையம் ஒன்று அமைக்க இப்போதே தனி நிதி தொடங்க வேண்டும். அதுவரை, துயருற்ற மாணவர் எவராயினும் 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணிலோ, தமிழக அரசின் 104 என்ற எண்ணிலோ கட்டணமின்றிப் பேசலாம் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி ஒட்டச் செய்ய வேண்டும்.

கற்க வேண்டும், ஒன்றுசேர வேண்டும், போராட வேண்டும் என்பது அண்ணல் நமக்கு வகுத்த நெறி. கற்பதில் நாம் 25 ஆண்டுகள் உழைத்திருக்கின்றோம். போராட்டமோ நம் பிறப்போடு வந்தது. நடுவே நிற்கும் ஒன்றுசேர்தலை மேடையோடும் தேர்தலோடும் நிறுத்திவிடாமல், தொழிலிலும் கொண்டுவர வேண்டும். சங்கத்தின் பொன்விழாவில் இம்மேடையேறிப் பேசப்போகும் இளைஞரோ நங்கையோ, "நாங்கள் நால்வர் நடத்தும் நிலையத்திலிருந்து வருகின்றேன்" என்று தொடங்குவாராக.

 வணக்கம்.